விண்டோஸ் 10: எந்தப் பதிப்பு ஐயா?

தமிழ் முதுகலை வகுப்பில் முதல் பருவத்திலேயே மாணவனுக்குச் சொல்லித்தரப்படும் ஒழுக்கம் ஒன்று உண்டு. புறநானூற்றிலிருந்து ஓரடியை எடுத்தாண்டால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தாய் என்று சொல்லியாக வேண்டும். 1894இல் உ.வே.சாமிநாதையர் கொண்டுவந்த முதற்பதிப்பா, பின்னர் அவரே திருத்திக் கொண்டுவந்த பதிப்பா, பிறிதொருவர் உரையோடு வந்ததா? சொல்லாவிட்டால் மேற்கோள் செல்லாது. சொல்லாத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் திருப்பி அனுப்புவார், அனுப்பவும் வேண்டும். 1887இல் வந்த சீவக சிந்தாமணி தொடங்கிச் சுவடிக்குச் சுவடி ஒப்புநோக்கி, எந்தெந்தப் பிரதி எங்கிருந்து கிடைத்தது என்பதை முகவுரையில் பட்டியலிட்டுச் சென்ற ஒரு மனிதரின் வாரிசுகள் என்று மேடைதோறும் நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் நாம்.

அதே மாணவன் படியிறங்கிக் கணினி ஆய்வகத்துக்குப் போகிறான். அங்கே உள்ள இயந்திரங்களில் என்ன இருக்கிறது என்று கேட்டால் 'விண்டோஸ் 10' என்று பதில் வருகிறது. எந்த விண்டோஸ் 10? கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. எங்கிருந்து வந்த நிறுவிக் கோப்பு, யார் எடுத்த படி, எந்த ஆண்டின் பாடம்? ஒரு பென்டிரைவ், அதன்மேல் மார்க்கர் பேனாவால் 'வின் 10 புரோ லேட்டஸ்ட்' என்று எழுத்து. அந்த 'லேட்டஸ்ட்' எந்த ஆண்டின் லேட்டஸ்ட் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். தமிழ்ப் பதிப்பியலின் வாரிசுகள் இதைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இயங்குதளத்தின் பில்ட் எண் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இது கணினித் துறைக்காரர்களின் கவலை என்று நினைத்துத்தான் நாமெல்லாம் இருபது ஆண்டுகளாக ஒதுங்கி நின்றோம். ஒதுங்கி நின்றதன் விலையைக் கொடுப்பது தமிழ் எழுத்தே என்பதுதான் நம் வழக்கு.

*

ஓசூரில் நமக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கணினிகள். இரண்டிலும் 'விண்டோஸ் 10'. இரண்டிலும் அதே நீலத்திரை, அதே தொடக்கப் பொத்தான். ஒன்றில் மொழி அமைப்புக்குள் சென்று தமிழைச் சேர்த்தால் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருக்கிறது, அஞ்சலும் இருக்கிறது. மற்றொன்றில் இரண்டும் இல்லை. பழைய இன்ஸ்கிரிப்ட் வழிப் பலகை மட்டும் தலைகாட்டுகிறது. தமிழ்99 பழகிய முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் இயலொன்றை அங்கே தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். முதல் நாள் கிடைத்த கணினியில் வேலை ஓடியது. மறுநாள் கிடைத்தது அடுத்த கணினி. "சார், இந்த மெஷின்ல தமிழ் வரலை" என்றார். "வைரஸா இருக்கும், வேற மெஷின்ல உட்காருப்பா" என்று பதில் கிடைத்தது. வேறு எதிலும் இடமில்லை. இ-கலப்பையோ என்.எச்.எம். ரைட்டரோ நிறுவிக்கொள்ள நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும், அது தரப்படவில்லை. முடிவில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தட்டச்சு நிலையத்தில் பாமினி எழுத்துருவில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடித்து வந்தார். யுனிகோடில் பாதி, பாமினியில் பாதி. அந்தப் பாதியில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். அவர் பகலில் சிப்காட்டில் ஷிப்டு பார்த்துவிட்டு மாலையில் எழுதுகிறவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விஷயம் இவ்வளவுதான்: முதல் கணினியில் இருந்தது 2019 மே மாதத்தில் வெளிவந்த 1903 என்னும் வெளியீடு, பில்ட் எண் 18362. இரண்டாவதில் இருந்தது அதற்கு முந்தைய 1809. பில்ட் எண் 17763. தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டும் விண்டோஸுக்குள்ளேயே பிறவியோடு வரத் தொடங்கியது 1903இல்தான். 17763இல் தேடினால் எப்படிக் கிடைக்கும்? புதுப்பித்தல் வழியாகவாவது வந்து சேர்ந்திருக்கும். ஆனால் இணையச் செலவைக் காரணம் காட்டிப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இதில் கொதிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தமிழ்99இன் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்தது. ஆளாளுக்கு ஒரு விசைப்பலகை வைத்துக்கொண்டு மோதிக்கொண்டிருந்த காலம் அது. பேசிப் பேசி ஒரு பலகைக்கு இசைந்தார்கள். அதை அரசும் அவ்வாண்டே ஏற்றது. அதற்குப் பின்னும் விண்டோஸுக்குள் அது வரவில்லை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழுக்கு இடமளித்தது. எக்ஸ்.பி.யில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் வட்டார அமைப்புக்குள் நுழைந்து சிக்கல் எழுத்து மொழிகளுக்கான கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே அது மூலக் குறுந்தகட்டைக் கேட்கும். (அன்றைய இணைய எழுத்தாளர்களில் பாதிப்பேர் அந்தக் குறுந்தகட்டைத் தேடி அலைந்தவர்களே.) தமிழ்99 வேண்டுவோர் முரசு அஞ்சலையோ அழகியையோ இ-கலப்பையையோ தனியே நிறுவிக்கொண்டார்கள். தன்னார்வலர்கள் இரவுகளைச் செலவிட்டுச் செய்து இலவசமாகக் கொடுத்தவையும் அவற்றில் உண்டு. இப்படி 20 ஆண்டு காத்திருந்த பின் 2019இல் எந்தக் கூடுதல் மென்பொருளும் இல்லாமல், எவர் அனுமதியும் கேட்காமல், எந்தக் கணினியிலும் தமிழ்99இல் எழுதலாம் என்ற நிலை வந்தது. வந்ததை நம் ஆய்வகம் ஒரு பழைய பென்டிரைவால் ஒரே பிற்பகலில் திருப்பி அனுப்பிவிட்டது. அனுப்பிவிட்டோம் என்பதுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. 'இரண்டும் விண்டோஸ் 10தானே!'

*

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. 2015 ஜூலையில் 10240 என்ற பில்ட் எண்ணோடு வந்ததும் விண்டோஸ் 10. கடைசியாக 22எச்2 என்று வந்த 19045உம் விண்டோஸ் 10. இடையில் 10586, 14393, 15063, 16299, 17134 என்று எத்தனையோ. ஏழாண்டு இடைவெளியில் வந்த வேறுவேறு நூல்களுக்கு ஒரே தலைப்பைப் போட்டு விற்றது அந்த நிறுவனம். வணிகத்துக்கு அது வசதி. வாங்குகிறவன் தலைப்பைப் பார்த்து ஏமாறாமலிருக்கத்தான் உள்ளே எண் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்ப்பது நம் வேலை.

நம் மொழியிலும் ஒரு கோளாறு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. விண்டோஸின் 'பற்றி' பக்கத்தில் எடிஷன், வெர்ஷன், பில்ட் என்று மூன்று வரிகள் இருக்கும். ஹோமா புரோவா என்பது எடிஷன். 1809ஆ 1903ஆ என்பது வெர்ஷன். 17763ஆ 18362ஆ என்பது பில்ட். இவற்றைத் தமிழில் சொல்லச் சொன்னால் மூன்றுக்கும் 'பதிப்பு' என்ற ஒரே சொல்லை நீட்டுகிறோம். கலைச்சொல்லாக்கக் கூட்டங்களில் தேநீரோடு மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இந்த மூன்றையும் பிரித்துக்காட்டும் மூன்று சொற்களை இன்னும் புழக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. எடிஷனுக்கு 'வகை', வெர்ஷனுக்குப் 'பதிப்பு', பில்டுக்கு 'ஆக்க எண்' என்று நாம் எழுதிவருகிறோம். இதைவிட நல்லதை யாரேனும் சொன்னால் ஏற்போம். மூன்றையும் ஒன்றாக்குவதை மட்டும் ஏற்பதற்கில்லை.

அச்சு நூலிலும் இதே நோய்தான். அட்டையில் 'எட்டாம் பதிப்பு' என்று இருக்கும். உள்ளே முதற்பதிப்பின் எழுத்துப்பிழைகூடத் திருத்தப்படாமல் அதே இடத்தில் நின்று சிரிக்கும். மறுஅச்சைப் பதிப்பு என்று கூசாமல் போட்டுக்கொள்ளும் பதிப்பகங்களும், சொல்லாமல் கொள்ளாமல் பத்திகளை வெட்டிவிட்டு 'மறுஅச்சு' என்று போடும் பதிப்பகங்களும் நம்மிடையே உண்டு. இரண்டையும் கண்டித்து எழுதியவர்கள் உண்டு. கணினிக்கு வந்தால் மட்டும் நமக்கு ஏன் நா எழவில்லை?

*

பென்டிரைவின் மேல் எழுதியிருப்பதைப் புறச்சான்று என்று கொள்வோம். கோப்பின் பெயரும் புறச்சான்றே. ஐ.எஸ்.ஓ. கோப்பின் பெயரில் 1903 என்று இருந்தால் அது 1903 ஆகிவிடாது. பெயரை யாரும் மாற்றலாம். சுவடிக் கட்டின் மேல் கட்டிய துண்டு ஓலையை நம்பிப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். குறுந்தகட்டைச் செருகினால் தெரியும் வட்டுப் பெயர் இன்னும் மோசம். 'சி.சி.சி.ஓ.எம்.ஏ' என்று தொடங்கும் அந்த எழுத்துக்கோவை பல வெளியீடுகளுக்கு மாறாமல் அப்படியே வரும். அதிலிருந்து மொழியையும் 64 பிட் என்பதையும் அறியலாம், ஆண்டை அறிய முடியாது.

அகச்சான்றுக்கு உள்ளே போக வேண்டும். நிறுவியைத் திறந்து 'செட்அப்' என்ற கோப்பின்மேல் வலச்சொடுக்கிப் பண்புகளில் விவரங்கள் என்ற பக்கத்தைப் பார்த்தால் 10.0.18362 என்பதுபோல் ஓர் எண் தெரியும். இது முதல் அகச்சான்று; ஆனால் முழுமையானதன்று. இன்னும் உள்ளே 'சோர்சஸ்' என்ற உறையில் 'இன்ஸ்டால்' என்ற பெயரோடு பெரிய கோப்பு ஒன்று கிடக்கும். அதன் வால் 'விம்' என்றோ 'இ.எஸ்.டி.' என்றோ இருக்கும். நிறுவப்படப் போகும் விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்னும் கருவியை நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் ஏவி அந்தக் கோப்பின் விவரத்தைக் கேட்டால் முதலில் ஒரு பட்டியல் வரும்: ஹோம், எஜுகேஷன், புரோ என்று. ஒரே ஏட்டுக் கட்டுக்குள் நாலைந்து நூல்கள் இருப்பதுபோல. வேண்டிய ஒன்றன் வரிசை எண்ணைக் கொடுத்து மீண்டும் கேட்டால் ஆக்க எண், அதற்குப் பின்வரும் திருத்த எண், மொழி, உருவாக்கிய நாள் எல்லாம் வரிவரியாக வரும். சுவடியின் இறுதியில் எழுதியவன் பெயரும் எழுதி முடித்த நாளும் இருக்குமல்லவா, அப்படி. இரண்டு நிமிட வேலை.

இங்கும் ஒரு பாடச்சிக்கல் இருக்கிறது. பதிப்பியல் படித்தவர்கள் ரசிப்பார்கள். 2004 என்ற வெளியீட்டுக்குப் பின்வந்த 20எச்2, 21எச்1, 21எச்2, 22எச்2 ஆகிய நான்குக்கும் அடிப்பாடம் ஒன்றே. அது 19041. அதன்மேல் ஒரு சிறு திறவுகோல் பொதியை வைத்து 19042, 19043, 19044, 19045 என்று எண்ணை உயர்த்தினார்கள். ஆகவே 22எச்2 நிறுவியை டிஸ்மிடம் கேட்டாலும் அது 19041 என்றே சொல்லும். 'பார்த்தீர்களா, பழையது' என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. அடுத்த வரியில் உள்ள திருத்த எண்ணைப் படிக்க வேண்டும்; அது 2006 என்றால் 22எச்2இன் முதல் வெளியீடு. நிறுவி முடித்த பின் 'வின்வெர்' என்று தட்டினால் 19045 என்று தெரிந்துவிடும். 18362க்கும் 18363க்கும் இடையிலும் இதே உறவுதான். ஒரே எண்ணைக் கண்டதும் தீர்ப்பு எழுதுவது பதிப்பாசிரியன் செயலன்று.

யாரேனும் இடையில் கைவைத்தார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு எஸ்.எச்.ஏ.256 என்னும் நீண்ட கைரேகை எண் இருக்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். தயாரித்த நிறுவனம் தன் பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கும் எண்ணோடு நம் கோப்பின் எண்ணை ஒப்பிட்டால் மூலமா இடைச்செருகலா என்று தெரிந்துவிடும். (அந்நிறுவனத்தின் மீடியா உருவாக்கக் கருவியை வைத்து நாமே செய்துகொள்ளும் நிறுவிக்கு மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது, அது ஒவ்வொரு முறையும் நம் கணினியில் புதிதாகக் கட்டப்படுவது.) 'லைட்' என்றும் 'கேமர் எடிஷன்' என்றும் உலவும் வெட்டிய பிரதிகளைக் கண்டுகொள்ள இது ஒன்றே வழி. இடத்தைச் சேமிக்கிறோம் என்று அவற்றில் எதை வெட்டினார்கள் என்பது வெட்டியவருக்கே வெளிச்சம். ஆங்கிலம் மட்டும் போதும் என்று நினைக்கும் ஒருவர் கத்தியை எடுத்தால் முதலில் விழுவது பிறமொழிகளாகத்தான் இருக்கும்.

*

எண் பார்க்காததால் இழப்பது விசைப்பலகை மட்டும் என்றால் சகித்துக்கொள்ளலாம். நாம் குறிப்பிட்ட அதே 1809ஐ எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளியானது. சில நாளிலேயே உலகெங்கும் கூக்குரல்: மேம்படுத்திய சிலரின் ஆவணக் கோப்புறையில் இருந்த கோப்புகள் அழிந்தன. ஆவணங்களை வேறோர் இடத்துக்கு மடைமாற்றி வைத்துவிட்டுப் பழைய இடத்திலும் கோப்புகளை விட்டிருந்தவர்களின் கோப்புகளை அது தேவையற்றதென்று துடைத்துவிட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் வெளியீட்டை நிறுத்தினார்கள். திருத்தி நவம்பர் 13ஆம் நாள் மீண்டும் விட்டார்கள். முதலில் வந்ததும் 17763தான், திருத்தி வந்ததும் 17763தான். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்தான் வேறு. ஓர் ஆய்வாளனின் நான்காண்டு உழைப்பு நிற்பதும் அழிவதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்தது. 'லேட்டஸ்ட்' என்று மார்க்கரில் எழுதிய அக்டோபர் மாதத்துப் படி எத்தனை மேசை இழுப்பறைகளில் இன்னும் தூங்குகிறதோ!

ஓசூர்க்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் அவற்றைச் சுற்றி எழுந்த சிறுபட்டறைகளும் வளர்த்த ஊர் இது. சிப்காட்டில் ஒரு சிறிய கடைசல் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே வரும் இரும்புக் கம்பிக்கு ஹீட் நம்பர் கேட்பார்கள். எந்த உலையில் எந்த உருக்கலில் வார்த்தது என்ற எண் அது. எண் இல்லாத கம்பியை இறக்க விடமாட்டார்கள். வெளியே போகும் உதிரிப்பாகத்தில் பேட்ச் எண் குத்தியிருக்கும்; பின்னாளில் ஒரு வண்டியில் பழுது வந்தால் எந்த நாள் எந்த ஷிப்டில் செய்தது என்று தேடிப்பிடிப்பார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்திய தொழிலாளி இதைத் தினமும் செய்கிறார். அவருடைய பிள்ளை படிக்கும் கல்லூரியில், முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த அறையில், எண்ணில்லாத சரக்கை இறக்கிக்கொள்கிறோம்.

ஆலைகளிலும் ஆயிரம் குறை உண்டு. இயந்திரங்களை ஓட்டும் கணினிகளில் எக்ஸ்.பி. இன்னும் மூச்சுவிடுகிறது என்பது ஊரறிந்த செய்தி; அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. ஆனால் அங்கே அது எக்ஸ்.பி. என்பது தெரிந்தே இருக்கிறது. அதை இணையத்தோடு சேர்க்கக் கூடாது என்றும் தெரிந்தே தனியே நிறுத்தி வைத்திருப்பார்கள். தெரியாமல் பழையதை வைத்திருப்பதற்கும் தெரிந்தே வைத்திருப்பதற்கும் வேறுபாடு உண்டு. இயந்திரங்களுக்கென்றே நீண்டகால ஆதரவோடு வரும் எல்.டி.எஸ்.சி. என்ற வகையைப் பாருங்கள். அதன் 2019 வெளியீட்டின் ஆக்க எண்ணும் 17763தான். ஹோம், புரோ வகைகளில் 17763க்கான ஆதரவு 2020 நவம்பரில் முடிந்துவிட்டது. எல்.டி.எஸ்.சி. வகையில் அதே 17763க்கு 2029 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதற்குப் பின்வந்த 2021 வெளியீட்டுக்கோ 2027 ஜனவரியோடு முடிகிறது! மூத்தவன் இருக்க இளையவன் முந்துகிறான். வகையையும் எண்ணையும் சேர்த்துப் படிக்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த மண்ணின் கற்களும் இதைத்தான் செய்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: எந்த அரசன், அவனது எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதை முதலில் வெட்டிவிட்டே ஆநிரை கவர்ந்ததையும் வீரன் பட்டதையும் சொல்வார்கள். அந்த யாண்டு எண் மட்டும் இல்லாதிருந்தால் அவற்றை வைத்து வட்டெழுத்தின் வளர்ச்சியைக் காலவரிசைப்படுத்தியிருக்க முடியாது.

*

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கிக் கொடுத்த அக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருசேர இருந்தன. டெபியன் வழிவந்தது பாஸ். முதல் வெளியீடு 2007. லினக்ஸ் உலகில் எம்17என் என்ற தொகுப்பின் வழியாகத் தமிழ்99 விண்டோஸுக்குப் பல்லாண்டு முன்பே கிடைத்துக்கொண்டிருந்தது. நம் மாணவர்கள் பலர் செய்தது என்ன? கணினி கைக்கு வந்த மாதமே கடைக்குக் கொண்டுபோய் 'அதைத் தூக்கிட்டு ஃபுல்லா விண்டோஸ் போட்டுக் கொடுங்க அண்ணா' என்றார்கள். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனவர்களும் உண்டு. கடைக்காரர் கையில் இருந்த படியைப் போட்டார். அது எந்தப் படி? அவரையும் குறை சொல்வதற்கில்லை. யாரும் கேட்காததை அவர் ஏன் சொல்ல வேண்டும்? மாணவர்களையும் முழுதாகக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பாஸ் எதற்கு, அதில் எப்படித் தமிழ் எழுதுவது என்று வகுப்பில் ஒரு மணிநேரம் ஒதுக்கிச் சொல்லித்தர எந்தத் தமிழ்த் துறைக்குத் தோன்றியது? கணினித்தமிழ் என்று ஒரு தாள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதில் கணினியின் தலைமுறைகள் ஐந்து என்று மனப்பாடம் செய்கிறார்கள்.

இப்போது அதே காட்சி புதிய உடையில் வருகிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. கையில் பழைய கணினி வைத்திருப்பவர்களிடம் '11 போட்டுத் தர்றோம்' என்று கடைகள் அழைக்கின்றன. அந்தப் பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஏற்கவைக்கத் தடைகளை அகற்றிய திருத்தப்பட்ட நிறுவிகள் உலவுகின்றன. இனி '11' என்ற பெயருக்குப் பின்னால் 22000, 22621, 22631, 26100 என்று அடுத்த வரிசை தொடங்கும். மார்க்கர் பேனாவில் மை இன்னும் இருக்கிறது.

'எல்லாம் பூட்டிக் கிடக்கும் தனியுரிமைச் சரக்கு, அதன் எண்ணை ஆராய்ந்து என்ன பயன்? லினக்ஸுக்குப் போங்கள்' என்று கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சொல்லக்கூடும். போகத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அங்கே போனாலும் எந்த வெளியீடு என்று பார்த்தாக வேண்டும். உபுண்டுவின் நிறுவிக்குள் 'டிஸ்க்' என்ற மறைவான உறையில் 'இன்ஃபோ' என்ற சின்னஞ்சிறு கோப்பு இருக்கும். வெளியீட்டின் பெயரும் எண்ணும் உருவாக்கிய நாளும் அதில் ஒரே வரியில் எழுதியிருக்கும். நேர்மையான முகவுரை. படிக்கிறவர் வேண்டுமே.

'இதையெல்லாம் பார்க்க ஆய்வக உதவியாளர் இருக்கிறார்' என்பது இன்னொரு மறுப்பு. அவர் ஒருவர், கணினிகள் அறை நிறைய. அவருக்குத் தமிழ்99 என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இந்த எல்லையூரில் அவர் வீட்டில் பேசுவது தெலுங்காகவோ கன்னடமாகவோ உருதாகவோ இருக்கக்கூடும். எந்த எண்ணில் தமிழ்99 வருகிறது என்று அவரிடம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டியது தமிழ்த் துறை. கொடுக்காமல் அவரை ஏசுவது அறமாகாது.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தார்கள். கொடுக்கிற அரசிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. பெட்டியின்மேல் தலைவர்கள் படம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் உள்ளே நிறுவியிருக்கும் இயங்குதளத்தின் வகை, பதிப்பு, ஆக்க எண், புள்ளிக்குப் பின்வரும் திருத்த எண், மீட்பு நிறுவியின் எஸ்.எச்.ஏ.256 கைரேகை ஆகிய ஐந்தையும் அச்சிட வேண்டும். கல்லூரிகளிடம் கேட்பது அதைவிடச் சிறிது. ஆய்வகத்தில் ஒரு நோட்டு. எந்தக் கணினியில், எந்த நாளில், எந்த எண்ணுள்ள நிறுவியிலிருந்து போட்டது என்று ஒரு வரி. நாம் பணிபுரியும் துறையில் அப்படி ஒரு நீள்நோட்டு இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதன் முதல் பத்தியில் கணினியின் எண், இரண்டாவதில் ஆக்க எண், மூன்றாவதில் தமிழ்99 உண்டா இல்லையா. கடைசிப் பத்திக்கு மாணவர்களே ஒரு தலைப்பு எழுதியிருக்கிறார்கள்: பாடபேதம்.